புகையானுக்கு எந்த மருந்து? மீஞ்சூர் வயலும் எண்ணூர் இறாலும்

மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்தில் சம்பா நெல்லில், தண்டின் சாற்றை உறிஞ்சும் பூச்சியான புகையான் விழுந்துவிட்டால் விவசாயிக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: சைப்பர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள், இமிடாகுளோபிரிட் என்ற இன்னொரு பூச்சிக்கொல்லி, வேப்பங்கொட்டைச் சாற்றையும் உள்ளடக்கிய ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை. எது சீக்கிரம் கொல்லும் என்பதுதான் உரக்கடையில் எழும் கேள்வி. ஆனால் ஆரணி ஆறு பழவேற்காடு ஏரியிலும் கொசஸ்தலையாறு எண்ணூர் முகத்துவாரத்திலும் கலப்பதால், வடசென்னையில் வாழும் நாம், வயலில் தெளித்த மருந்து கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

பைரித்ராய்டின் விலை குறைவு. பலனும் அன்றே கண்ணுக்குத் தெரியும். ஆயினும் புகையானுக்கு இதைவிடப் பொருந்தாத மருந்து இல்லை என்றே சொல்வேன். புகையானைத் தின்னும் சிலந்தியும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் இதில் மடிந்துவிட, இலையுறைக்குள் புகையான் இட்ட முட்டைகள் தப்பிப் பொரிப்பதால், பகைவனற்ற வயலில் புகையான் முன்னைவிடப் பெருகுகிறது. இம்மருந்து மண்துகளில் ஒட்டிக்கொண்டு வெள்ளச் சேற்றோடு ஆற்றில் இறங்கக்கூடியது. இறாலும் பூச்சியைப் போலவே கணுக்காலி இனம் என்பதால், மிகச் சிறிய அளவே அதன் நரம்பு மண்டலத்தைத் தாக்கப் போதும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூரில் பரவிய எண்ணெயை எல்லோரும் பார்த்தோம். இந்த நஞ்சோ கண்ணுக்குத் தெரியாது, கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்குப் பிடிபாடு குறைவது மட்டுமே தெரியும்.

இமிடாகுளோபிரிட் பயிருக்குள் ஊடுருவி, சாறு உறிஞ்சும் பூச்சியைக் கொல்கிறது. ஆனால் புகையான் இதற்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது ஆசிய நெல் நாடுகள் பலவற்றில் பதிவாகியுள்ளது. நீரில் எளிதில் கரைவதால் மணற்பாங்கான நிலத்தில் இது கீழிறங்கக்கூடும். நகரத்தின் தாகத்துக்காகப் பல்லாண்டுகள் நிலத்தடி நீரை இறைத்ததால் கடல்நீர் புகுந்துவிட்ட மீஞ்சூரில், எஞ்சியிருக்கும் நன்னீரை இப்படிப் பணயம் வைக்கலாகாது.

மூன்றாவது வழியில் தெளிப்பதற்கு முன் பார்ப்பதே முதல் வேலை. குத்தை (ஓரிடத்தில் நட்ட பயிர்க் கொத்தை) விலக்கி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தண்டின் அடியில் பூச்சியை எண்ண வேண்டும். தூருக்கு (குத்திலுள்ள ஒவ்வொரு தண்டுக்கு) ஒன்று என்ற அளவை எட்டினால்தான் நடவடிக்கை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. நடவின்போதே இரண்டரை மீட்டருக்கு ஒருமுறை 30 செ.மீ. பட்டம் (நடாத இடைவெளி) விடுவது, தழைச்சத்தைப் பிரித்து இடுவது, நீரை வடிப்பது ஆகியவை புகையானைக் கட்டுப்படுத்த உதவும். அதன் பிறகும் தேவைப்பட்டால், 100 லிட்டர் நீருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு என்ற அளவில் சாறெடுத்துத் தெளிக்கலாம்.

இதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். சாறு வெயிலில் விரைவில் சிதைவதால் மாலையில் தெளிக்க வேண்டும். மழை பெய்தால் கழுவிப் போய்விடும், ஆள்கூலியும் கூடும். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் அது சுமக்கும் ஈரம் ஏறத்தாழ 7 சதவீதம் கூடும் என்பதால், வடகிழக்குப் பருவமழை ஒரு சில நாட்களுக்குள்ளேயே கொட்டித் தீர்க்கும் வாய்ப்பும் பெருகுகிறது. அத்தகைய மழையில் சாறு வீணாவது விவசாயிக்கு நட்டம்தான். பைரித்ராய்டு அடித்துச் செல்லப்பட்டாலோ விவசாயியின் நட்டத்தோடு முகத்துவாரத்தின் இறால் குஞ்சுகளும் சேர்ந்து அழியும். ஆகவே, எண்ணிப் பார்த்தும் வேறு வழியே இல்லாத வயலில் மட்டும், மழை அறிவிப்பு இல்லாத நாளில், வேளாண் அலுவலர் பரிந்துரைக்கும் மருந்தைப் பாதித்த இடத்தில் தண்டின் அடியில் படுமாறு தெளிப்பதை ஏற்கலாம். பைரித்ராய்டை அப்போதும் தொடக்கூடாது.