எச்சரிக்கை: 'என்றும் வாழும்' கற்செடிக்காகப் பள்ளிப் பணம் 480 வெள்ளி பறிபோனது

நேற்று மாலை எங்கள் தமிழ்ப்பள்ளியின் முன்வாசல் கற்பாத்தியில் எஞ்சியிருந்த ஐந்து செம்பர்விவம் செடிகளையும் பிடுங்கிக் குப்பைப் பையில் போட்டுவிட்டு வீடு திரும்பினேன். இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. முப்பது செடிகள், செடி ஒன்றுக்கு 16 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), மொத்தம் 480 வெள்ளி. என் சொந்தப் பணமாக இருந்திருந்தால் வயிற்றெரிச்சலோடு வாயை மூடிக்கொண்டிருப்பேன். ஆனால் இது பள்ளிச் சந்தை நாளன்று தாய்மார்கள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் கட்டி விற்றுச் சேர்த்த பணம். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்களும் உதிரிப்பழம் பொறுக்குகிறவர்களும் தங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கென்று கொடுத்த பணம். அதனால்தான் வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன். இந்தச் செடியை எப்படிப் பார்த்து வாங்க வேண்டும், எப்படி வளர்க்க வேண்டும் என்பதையும் இறுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தாப்பாவுக்கு அருகிலுள்ள சிறிய தோட்டப் பட்டணம். பள்ளி விடுமுறை விட்டால் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. திரும்பி வரும்போது பாதிச் செடிகள் கருகியிருக்கும். ஒவ்வொரு தவணையும் இதே கதைதான். ஆகவே, அதிகப் பராமரிப்பு தேவைப்படாத, ஆண்டு முழுவதும் பசுமை மாறாத, கற்களுக்கிடையே தானாகப் பரவும் செடியாகப் பார்த்து நட்டால் என்ன என்று தோன்றியது. பெற்றோர் ஒருவர் தம் லாரியில் ஆற்றுக் கற்களை இலவசமாகக் கொண்டுவந்து இறக்கினார். பள்ளித் தோட்டக்காரப் பெரியவர் அவற்றைச் சரிவாக அடுக்கி, இடையில் மணலும் சரளையும் நிரப்பிக் கொடுத்தார். பாத்தி உண்மையிலேயே அழகாக அமைந்தது. செடிதான் பாக்கி.

தேடிப் படித்தபோது செம்பர்விவம் என்ற செடியின் மீது மனம் போயிற்று. இலத்தீனில் அந்தப் பெயருக்கே 'என்றும் வாழ்வது' என்று பொருள். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ், பிரனீஸ் போன்ற மலைகளில், மண்ணே இல்லாத பாறை இடுக்குகளில், தாமரை மொட்டு விரிந்தது போன்ற இலையடுக்கோடு வளர்வது. பனிக்கட்டிக்கு அடியிலும் பச்சையாகவே இருக்கும். தாய்ச்செடியைச் சுற்றிக் கோழிக்குஞ்சுகள் போலச் சின்னச் செடிகள் கிளம்பிப் பாறையையே மூடிவிடும். இதைக் கூரைமீது வைத்தால் வீட்டில் இடி விழாது என்று அந்நாட்டு மக்கள் நம்பியிருக்கிறார்கள். சார்லமேன் பேரரசரின் நிலங்களுக்கான ஆணையிலேயே, தோட்டக்காரன் தன் வீட்டுக் கூரையில் இதை வளர்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. 1753-இல் லின்னேயஸ் இதன் ஓர் இனத்துக்குச் சூட்டிய பெயரும் 'கூரைக்குரியது' என்றே பொருள்படும். இதையெல்லாம் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் சொன்னபோது அவர்கள் கண்கள் விரிந்ததைப் பார்த்து நானும் மகிழ்ந்துபோனேன். இவ்வளவு படித்த நான், அந்தச் செடி குளிர்நாட்டுச் செடி என்பதை மட்டும் நின்று யோசிக்கவில்லை. அது என் தவறு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைக் கேட்கவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் விற்றவரிடம் நான் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

கைப்பேசிச் செயலி வழியாகப் பொருள் விற்கும் பெரிய இணையச் சந்தை ஒன்றில் அந்தக் கடை இருந்தது. பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஊதாவும் சிவப்புமாக மின்னும் செடிகளின் படங்கள், கீழே பாராட்டுரைகள். "எங்கள் ஊரில் பகலில் 33 பாகை வெயில் அடிக்கும், மாலையானால் மழை கொட்டும், இந்தச் செடி தாங்குமா?" என்று எழுதிக் கேட்டேன். ஐந்து நிமிடத்தில் தமிழிலேயே பதில் வந்தது. தங்களுடைய செடிகள் மூன்று தலைமுறையாகத் தாழ்நிலத்தில் பழக்கப்பட்டவை என்றும், வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் போதும் என்றும், ஆறே மாதத்தில் பூத்துவிடும் என்றும், ஒவ்வொரு செடியும் என்றென்றும் சாகாது என்றும் எழுதினார். பிறகு தொலைபேசியில் அழைத்தார். "அக்கா, நானும் தோட்டத்துல பொறந்து வளர்ந்தவன்தான். எங்கம்மா பால்மரம் சீவித்தான் என்னைப் படிக்க வச்சாங்க. தமிழ்ப்பள்ளிக்குன்னா நான் லாபம் பார்க்க மாட்டேன்" என்றார்.

அந்த ஒரு சொல்லில்தான் நான் விழுந்தேன். என் தாயாரும் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். காண்டா விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு இருட்டில் அவர் கிளம்பிப் போவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தப் பிழைப்பைச் சொல்லிக்கொண்டு ஒருவர் நம்மை ஏமாற்றுவார் என்று என் மனம் எண்ணவே இல்லை. செயலியில் ஒரு செடிக்கு 20 வெள்ளி போட்டிருந்தார். "அக்கா, சந்தைக்காரங்க பிடிக்கிற கமிஷன் இல்லாம நேரா வங்கிக் கணக்குல போட்டீங்கன்னா 16 வெள்ளிக்குத் தர்றேன், பள்ளிக்கூடத்துக்கு 120 வெள்ளி மிச்சம்" என்றார். பள்ளிக்குப் பணம் மிச்சப்படுத்துகிறேன் என்ற நினைப்பில் அன்று இரவே 480 வெள்ளியை அனுப்பினேன். கணக்கில் இருந்த பெயர் அவர் சொன்ன பெயராக இல்லை. கேட்டதற்கு, மனைவியின் உறவினர் கணக்கு என்றார். அதையும் நம்பினேன்.

நான்கு நாளில் பெட்டி வந்தது. செய்தித்தாளில் சுற்றி, வேர்களை ஒட்ட நறுக்கி அனுப்பியிருந்தார்கள். நல்ல ஊதா நிறம். ஒரு சனிக்கிழமை காலையில் பதினொரு மாணவர்கள் வந்து, சரளையில் குழி பறித்து, ஒவ்வொரு செடிக்கும் ஒரு பெயர்கூட வைத்து நட்டார்கள். பெரியவர் மட்டும் ஒரு செடியைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதுல ஒரு வாசனை வருதே, பெயிண்ட் வாசனை மாதிரி" என்றார். பெட்டியின் வாசனையாக இருக்கும் என்று நான்தான் சொன்னேன்.

மூன்று நாள் தொடர்ந்து மழை. ஒன்பதாம் நாள் பார்த்தபோது, வெளி இலைகள் ஊதாவாகவே இருக்க, நடுக்குருத்து மட்டும் வெளிறிய பச்சையாக மேலே நீண்டிருந்தது. ஒரு சிறுமி இலைமேல் தெறித்திருந்த சேற்றைக் கழுவுகிறேன் என்று ஒரு செடியை வாளித் தண்ணீரில் முக்கித் தன் பெருவிரலால் தேய்த்தாள். தண்ணீரில் ஊதாப் புகை போல ஒரு கோடு இறங்கிப் பரவியது. அவள் விரல்நுனி முழுவதும் ஊதா. "டீச்சர், செடிக்குச் சாயம் போகுது" என்று அவள் சொன்னபோது, அங்கே நின்றிருந்த எனக்கு முகம் எரிந்தது. இலையை நகத்தால் சுரண்டினேன். மெல்லிய தோல் போல வண்ணம் உரிந்துவந்தது. அடியில் சாதாரணப் பச்சை இலை. அடுத்த செடியைத் தொட்டு லேசாக இழுத்தேன், நடுப்பகுதி முழுவதும் அழுகிய வெங்காயம் போலக் கையோடு வந்துவிட்டது.

கேமரன் மலையில் பல ஆண்டுகள் பூந்தோட்ட வேலை செய்த ஒரு பெற்றோர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இவ்வகைத் தடித்த இலைச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவுக் குளிர்ச்சியில் திறந்துதான் காற்றை உள்வாங்குகின்றன. எங்கள் ஊரில் இரவிலும் வெப்பம் அவ்வளவாகக் குறைவதில்லை. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் கேமரனிலேயே பனி விழும் குளிர்காலம் கிடையாது. அந்தச் செடி உண்மையில் கேட்பது அந்த ஓய்வுக் காலத்தைத்தான். போதாக்குறைக்கு இலைமேல் வண்ணம் தெளித்தால் துளைகள் அடைபடும், வெளிச்சமும் சரியாக எட்டாது. உண்மைச் செடியின் சிவப்பு குளிராலும் நல்ல வெளிச்சத்தாலும் பருவத்துக்குப் பருவம் வந்துபோவது. ஆண்டு முழுக்க ஒரே ஊதாவில் நிற்காது. 'ஆறே மாதத்தில் பூக்கும்' என்றதும் பொய். பூக்கச் சில ஆண்டுகள் பிடிக்கும். அதைவிட, பூத்த செடி பூத்த கையோடு இறந்துவிடும். சுற்றியிருக்கும் குஞ்சுச் செடிகளால்தான் கூட்டம் தொடர்ந்து வாழ்கிறது. 'ஒவ்வொரு செடியும் சாகாது' என்று எழுதியவருக்கு இந்த அடிப்படை தெரியாமலா இருந்திருக்கும்?

அதன்பின் தொடங்கியதுதான் அலைக்கழிப்பு. புலனத்தில் (வாட்ஸ்அப்) படங்களை அனுப்பினேன். முதல் நாள், "தண்ணி அதிகமா ஊத்திட்டீங்க அக்கா" என்றார். மழை என்றேன். மறுநாள், "வெயில் பத்தல" என்றார். முன்வாசல், காலையிலிருந்து மூன்று மணி வரை வெயில் என்று படத்தோடு காட்டினேன். "அப்போ வெயில் அதிகம்" என்றார். சாயம் உரிவதைக் காணொளியாக எடுத்து அனுப்பியபோது, அது செடியின் இயற்கையான மெழுகுப்பூச்சு என்று பதில் வந்தது. ஊதா நிற மெழுகா என்று கேட்டதற்கு மறுமொழி இல்லை. இரண்டு நாள் கழித்து, செடிகள் ஓய்வு நிலையில் இருப்பதாகவும், 90 வெள்ளி கொடுத்தால் வேர் மருந்து அனுப்புவதாகவும் எழுதினார். 480 வெள்ளியைத் திருப்பித் தாருங்கள், இது பள்ளிப் பிள்ளைகளின் பணம் என்று எழுதினேன். அன்று மாலையிலிருந்து என் எண் முடக்கப்பட்டுவிட்டது. என் கணவரின் எண்ணிலிருந்து அழைத்தேன்; 'அக்கா' என்று குழைந்த அதே குரல், "நான் யார்கிட்டயும் எதுவும் விக்கல, தப்பான நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டது.

இணையச் சந்தையிடம் முறையிட்டேன். மூன்று முறையும் ஒரே அச்சடித்த பதில்: பணம் எங்கள் வழியாகச் செலுத்தப்படவில்லை, ஆகவே எங்களால் உதவ இயலாது, உங்கள் முறையீடு முடித்துவைக்கப்படுகிறது. பணத்தைத் திருப்பித் தர முடியாது என்பது விதியாக இருக்கலாம். ஆனால் சாயம் பூசிய செடியை விற்கும் கடை உங்கள் சந்தையில் இருக்கிறதே, அதையாவது நீக்குங்கள் என்று கேட்டதற்கும் அதே பதில்தான் வந்தது. வங்கிக்குப் போனபோது, பணம் அந்தக் கணக்குக்கு வந்த அன்றே எடுக்கப்பட்டுவிட்டதாகத் தெரிந்தது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்துப் புகார் எண் வாங்கி வைத்திருக்கிறேன்.

விரிவாக எழுதுகிறேன் என்று தொடக்கத்தில் சொன்னேன். ஆத்திரத்தில் கை ஓடவில்லை, அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சந்தைக்கு வெளியே நேரடியாகப் பணம் போடச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கணக்கின் பெயரும் ஆளின் பெயரும் ஒன்றாக இல்லையென்றால் ஒரு காசுகூட அனுப்பாதீர்கள். மோசடிக் கணக்கா என்று சரிபார்க்க உதவும் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஏமாந்தது தெரிந்த உடனே தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள். என்னைப் போல அந்த ஆளிடம் நாள்கணக்கில் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தால் பணம் கைமாறிவிடும். விற்பவரின் உண்மைப் பெயரும் முகவரியும் உங்களிடம் இருந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளிக் கட்டணத்தில் வழக்குப் போடலாம். என்னிடம் இரண்டும் இல்லை. செடி வந்ததும் ஈரத் துணியால் இலையைத் துடைத்துப் பாருங்கள். நீல நிறச் செம்பர்விவம், வானவில் நிற விதை என்று வரும் படங்கள் எதையும் நம்பாதீர்கள். மலைக்குளிர் உள்ள இடத்தில் வளர்ப்பவர்கள் பாதிக்கு மேல் சரளை கலந்து, நடுக்குருத்தில் நீர் தேங்காமல் வைத்தால் போதும், உரமே வேண்டாம். நம் தாழ்நிலத்துக் கற்பாத்திக்கு அது ஒத்துவராது. பெரியவர் இன்று காலை கோயிலுக்குப் பின்னால் மண்டிக் கிடந்த மருளையும் ரணகள்ளியையும் ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து பாத்தி ஓரத்தில் வைத்திருக்கிறார். அவற்றுக்கு ஒரு காசு செலவில்லை.

வெள்ளிக்கிழமை பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நான் 480 வெள்ளிக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். அந்தத் தொகையை என் சம்பளத்திலிருந்து வைத்துவிடுவதாகத் தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டேன். இன்று காலை அந்தச் செயலியைத் திறந்து பார்த்தேன். கடை அப்படியே இருக்கிறது. அதே ஊதாச் செடியின் படம், கீழே 'தாழ்நிலத்துக்கு ஏற்றது' என்ற அதே வரி. இந்தக் கடையிடம் வேறு யாரேனும் வாங்கி ஏமாந்திருந்தால், பணம் அனுப்பிய சீட்டின் படத்தை அழித்துவிடாமல் வைத்திருங்கள். என் காவல்துறைப் புகாரோடு உங்களுடையதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.