பிளாக்கில் எழுத்து மாறாமல் இருக்க: ஸ்டாண்டர்டா, தனி ஸ்டைலா, எக்ஸ்ரெஃபா?

வால்வு டேக் (அடையாள எண்), இன்ஸ்ட்ரூமென்ட் பலூன் (கருவியின் எண் எழுதிய வட்டம்), வடதிசை அம்பு, டைட்டில் பிளாக் (டிராயிங்கின் பெயரும் எண்ணும் எழுதும் கட்டம்). ஒருமுறை வரைந்து எல்லா வேலைக்கும் எடுத்துப் போடத்தான் ஆட்டோகேட் என்ற டிராயிங் மென்பொருளில் பிளாக் என்று ஒன்று இருக்கிறது. கோடும் வட்டமும் எங்கே போனாலும் அப்படியே இருக்கின்றன; எழுத்து மட்டும் போன இடத்தில் ஆள் மாறிவிடுகிறது. தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் மணலி ஆலைகளுக்கு பைப்பிங் டிராயிங் போட்டுக் கொடுக்கும் சின்ன அலுவலகங்களில் புதிதாகச் சேர்கிற பையன்கள் சீக்கிரமே கேட்டுவிடுவார்கள்: "அண்ணா, நான் ஏரியல்லதான் போட்டேன். இங்க ஏன் குச்சி குச்சியா வருது?"

ஆட்டோகேடில் எழுத்து, ஃபாண்டைத் தன்னோடு வைத்திருப்பதில்லை. டெக்ஸ்ட் ஸ்டைலின் பெயரை மட்டும்தான் வைத்திருக்கிறது. எந்த ஃபாண்ட் என்பது அந்த ஸ்டைலுக்குள் இருக்கிறது. பிளாக்கை இன்னொரு டிராயிங்கில் இன்சர்ட் செய்யும்போது அதே பெயரில் அங்கே ஏற்கெனவே ஒரு ஸ்டைல் இருந்தால், அங்கே இருப்பதுதான் செல்லும். நாம் கொண்டுபோனது கழற்றிவிடப்படும். வாடகைக்குப் போகிற வீட்டில் வீட்டுக்காரர் சொல்தான் எடுபடும் என்பது மாதிரி. காப்பி-பேஸ்ட் செய்தாலும், டிசைன் சென்டரிலிருந்து இழுத்துப் போட்டாலும், டூல் பேலட்டிலிருந்து எடுத்தாலும் இதே கதைதான். லேயர், டைமென்ஷன் ஸ்டைல் எல்லாவற்றுக்கும் இதுதான் சட்டம்.

ஆகவே எந்த ஃபாண்ட் நல்லது என்று சண்டை போடுவதற்கு முன்னால், எந்தப் பெயரில் வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. நான்காவதாக ஒன்றும் உண்டு. அதைக் கடைசியில் ஒரு வரியில் முடித்துவிடலாம்.

முதல் வழி, பிளாக்கின் எழுத்தை ஆட்டோகேட் தானாகவே வைத்திருக்கும் ஸ்டாண்டர்ட் ஸ்டைலிலேயே விட்டுவிடுவது. பலர் இதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். எப்போதும் அப்படி இல்லை. மணலியில் சுத்திகரிப்பு ஆலை 1969-ல் ஓடத் தொடங்கியது. ஆட்டோகேட் வெளிவந்ததே 1982 டிசம்பரில். இவ்வளவு பழைய ஆலைகளின் வரைபடங்கள் கையால் வரைந்து, பிறகு கம்ப்யூட்டரில் டிரேஸ் செய்து, காண்ட்ராக்டர்கள் பலர் கைக்குப் போய் வந்தவையாகத்தான் இருக்கும். அந்த ஷீட்டில் நாம் நான்கு வால்வு மட்டும் சேர்க்கிறோம் என்றால், நம் டேக் அவர்கள் எழுத்தோடு ஒத்துப்போவதுதான் மரியாதை. பெயர் ஸ்டாண்டர்டாக இருந்தால் அது தானாக நடக்கிறது.

தொல்லை எங்கே என்றால், ஒரே வேலைக்கு வரும் கோப்புகளிலேயே ஒன்றில் ஸ்டாண்டர்ட் என்றால் டிஎக்ஸ்டி ஃபாண்ட், இன்னொன்றில் ரோமன்ஸ், மற்றொன்றில் ஏரியல் என்று இருக்கும். 12 மில்லிமீட்டர் பலூனுக்குள் 2.5 உயரத்தில், ஏரியல் நேரோவில், இரண்டு பக்கமும் இடம் விட்டு டேக் நம்பரை உட்கார வைத்திருப்போம். ரோமன்ஸ் இருக்கிற டிராயிங்குக்குள் போனதும் கடைசி எழுத்து வட்டத்தின் கோட்டில் ஏறி நிற்கும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒற்றை வரி டெக்ஸ்டுக்கு ஃபாண்ட் மட்டும்தான் ஸ்டைலிலிருந்து வருகிறது. உயரமும் அகல விகிதமும் எழுதும்போது என்ன இருந்ததோ அதுவே அந்த எழுத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். அதனால் ரோமன்ஸுக்காக 0.8 விகிதத்தில் எழுதியது ஏரியல் இருக்கும் டிராயிங்குக்குள் போனால், நசுங்கிய ஏரியலாக நிற்கும். நம் ஃபாண்டும் இல்லை, அவர்கள் எழுத்துபோலவும் இல்லை.

இரண்டாவது வழி, தனிப் பெயரில் ஒரு ஸ்டைல். அலுவலகத்தின் சுருக்கப் பெயரை முன்னால் போட்டு, பின்னால் ஃபாண்டின் பெயரையும் சேர்த்து வைத்தால், போகிற டிராயிங்கில் அதே பெயர் இருக்க வாய்ப்பே இல்லை. ஸ்டைல் தன் ஃபாண்டோடு முழுசாக உள்ளே போகும். ஃபாண்டின் பெயரைச் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இன்று ரோமன்ஸ் வைத்திருக்கிறீர்கள், அடுத்த வருஷம் ஏரியலுக்கு மாறுகிறீர்கள், ஸ்டைலின் பெயரை மட்டும் மாற்றவில்லை. பழைய டிராயிங்கில் புது பிளாக்கைப் போட்டால் பழைய ரோமன்ஸ்தான் வரும். வெளியே இருந்து வந்த அதே வியாதி இப்போது சொந்த வீட்டுக்குள்ளிருந்தே. ஃபாண்ட் மாறினால் பெயரும் மாறணும், அவ்வளவுதான்.

தனி ஸ்டைலுக்கு மாறும் வேலை பார்வைக்குத்தான் பெரிது. பிளாக் எடிட்டரில் திறந்து, புது ஸ்டைல் உருவாக்கி, எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து, பிராப்பர்ட்டீஸில் ஸ்டைலை மாற்றினால் போதும். இரண்டு இடத்தில் மட்டும் கால் இடறும். ஒன்று எம்டெக்ஸ்ட், அதாவது பல வரி எழுத்து. எடிட்டருக்குள் போய் யாராவது சில வார்த்தைகளைத் தேர்ந்தெடுத்து நேரடியாக ஃபாண்ட் மாற்றியிருந்தால், ஸ்டைலை என்ன மாற்றினாலும் அந்த வார்த்தைகள் அசையாது. ரைட் கிளிக் மெனுவில் ஃபார்மேட்டிங்கை நீக்கிய பிறகுதான் வழிக்கு வரும். இன்னொன்று அட்ரிபியூட், அதாவது பிளாக்கைப் போடும் ஒவ்வொரு இடத்திலும் வேறாக நிரப்பும் எழுத்து. பிளாக்கின் வரையறையில் மாற்றினாலும், ஏற்கெனவே போட்டு வைத்த டேக்குகளின் அட்ரிபியூட் பழைய ஸ்டைலிலேயே இருக்கும். ஏடிடிசிங்க் கட்டளை கொடுக்க வேண்டும். அதில் எழுதிய மதிப்புகள் போகாது, ஆனால் ஒவ்வொரு டேக்குக்கும் தனித்தனியாகச் செய்து வைத்த ஃபார்மேட் மாற்றங்கள் போய்விடும். நெருக்கடியான ஷீட்டில் டேக்குகளுக்குத் தனியாக உயரமோ அகலமோ மாற்றி வைத்திருந்தால், கட்டளை கொடுப்பதற்கு முன்னால் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

இந்த வழியிலும் குறை இல்லாமல் இல்லை. வாடிக்கையாளரின் டிராயிங்கில் நம் பெயரில் ஒரு ஸ்டைல் உட்கார்ந்துவிடும். அவர்கள் தங்கள் விதிமுறைகளைப் பதிந்த டிடபிள்யூஎஸ் கோப்பு வைத்து ஸ்டாண்டர்ட்ஸ் சோதனை செய்கிறவர்கள் என்றால், லேயரோடு டெக்ஸ்ட் ஸ்டைலையும் அது சரிபார்க்கும். நம் ஸ்டைல் அங்கே பட்டியலில் இல்லாததாகச் சிக்கும். அப்புறம், பெயர் எவ்வளவு தனியாக இருந்தாலும் ஃபாண்ட் கோப்பு எதிர்தரப்பு கம்ப்யூட்டரில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஃபாண்ட்ஆல்ட் என்ற அமைப்பில் உள்ளது போட்டு நிரப்பப்படும். வழக்கமாக அது சிம்ப்ளெக்ஸ். எனவே ஆட்டோகேடோடு வரும் ரோமன்ஸ், சிம்ப்ளெக்ஸ், ஐஎஸ்ஓசிபி, அல்லது விண்டோஸோடு வரும் ஏரியல் ஆகியவற்றைத் தாண்டாமல் இருப்பது புத்திசாலித்தனம். இணையத்திலிருந்து இறக்கிய அழகு ஃபாண்ட் எதுவும் டேக்குக்கு வேண்டாம்.

இவற்றுள் எதை எடுப்பது? எஸ்எச்எக்ஸ் வகை (ரோமன்ஸ், சிம்ப்ளெக்ஸ், ஐஎஸ்ஓசிபி) கோடுகளால் ஆனது. கோப்பு லேசாக இருக்கும், பிளாட்டரில் பேனா தடிமன் சொன்னபடி கேட்கும். ஆனால் பிடிஎஃப் எடுத்தால் அது எழுத்தாகப் போகாது, கோடாகத்தான் போகும். புதிய வெளியீடுகளில் ஒவ்வொரு எழுத்துத் தொடரின் மேலும் ஒரு கமென்ட் பெட்டி வந்து உட்கார்ந்துகொள்ளும். பிடிஎஃப்எஸ்எச்எக்ஸ் என்ற அமைப்பை 0 ஆக்கினால் போய்விடும். டேக் நம்பரை பிடிஎஃப்பில் தேட வேண்டும் என்று கேட்கிற வாடிக்கையாளருக்கு ஏரியல் போன்ற ட்ரூடைப்தான் சரி.

மூன்றாவது வழி எக்ஸ்ரெஃப், அதாவது வேறொரு கோப்பை டிராயிங்கோடு இணைத்துக் காட்டுவது. பார்டரையும் டைட்டில் பிளாக்கின் நிலையான பகுதியையும் தனிக் கோப்பாக வைத்து இணைத்துவிட்டால், அதன் ஸ்டைல்கள் கோப்பின் பெயரை முன்னொட்டாகக் கொண்டு தனியாக நிற்கும். ஸ்டாண்டர்ட் என்று பெயர் இருந்தாலும் மோதாது. கம்பெனி முகவரி மாறினால் ஒரு கோப்பில் திருத்தினால் எல்லா ஷீட்டிலும் மாறிவிடும். சிக்கல் அனுப்பும்போதுதான். கோப்பை விட்டுவிட்டு அனுப்பினால் எதிர்தரப்புக்கு வெறும் பாதைப் பெயர்தான் தெரியும். பைண்ட் செய்து, அதாவது டிராயிங்குக்குள்ளேயே சேர்த்து அனுப்பலாம் என்றால் அதில் இரண்டு வகை: பைண்ட் என்பதைத் தேர்ந்தால் பெயர்கள் டாலர் குறியோடு தனியாகவே இருக்கும், இன்சர்ட் என்பதைத் தேர்ந்தால் முன்னொட்டு போய், பழைய ஸ்டாண்டர்ட் மோதல் மறுபடி தொடங்கும். ஷீட் நம்பர், ரிவிஷன் போன்ற ஷீட்டுக்கு ஷீட் மாறுகிறவற்றை எக்ஸ்ரெஃபுக்குள் வைக்க முடியாது. அவற்றுக்குத் தனி அட்ரிபியூட் பிளாக் வேண்டும். பத்து ஷீட்டுக்கு மேல் போகாத வேலைக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, எக்ஸ்பிரஸ் டூல்ஸில் டிஎக்ஸ்டிஎக்ஸ்பி கட்டளை கொடுத்து எழுத்தையே கோடாக உடைத்துவிடுவது. லோகோவுக்கு மட்டும் சரி.

என் தேர்வு என்று கேட்டால், நம் டைட்டில் பிளாக்குக்கும் நம் லைப்ரரி சின்னங்களுக்கும் தனி ஸ்டைல், கண்ணை மூடிக்கொண்டு. வாடிக்கையாளரின் ஏற்கெனவே உள்ள ஷீட்டில் கைவைக்கும்போது மட்டும் ஸ்டாண்டர்ட் வைத்த இன்னொரு லைப்ரரி, அகல விகிதம் 1, பலூன் கொஞ்சம் பெரிதாக. இரண்டு ஃபோல்டர் வைத்துக் கட்டி மேய்ப்பது எரிச்சல்தான், ஆனால் ஷீட் ஷீட்டாக எழுத்தைத் திருத்துவதைவிட மேல்.

மாநகராட்சிக்குப் போகிற வீட்டு பிளானிலோ கடைப் பலகையிலோ தமிழ் எழுத்து வந்தால் மட்டும் இந்த ஃபாண்ட் கணக்கு பொருந்தாது. ரோமன்ஸிலும் சிம்ப்ளெக்ஸிலும் தமிழ் இல்லை. பாமினி மாதிரி பழைய ஃபாண்டில் அடித்த பிளாக், அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரிலோ பெயர் மோதும் டிராயிங்கிலோ திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக நிற்கும். மேலே சொன்ன குச்சி எழுத்தாவது படிக்க முடிந்தது. யூனிகோடில் அடித்து, தனி ஸ்டைல் வைத்து, நிர்மலா யூஐ கொடுங்கள். லதா வேண்டாம்: விண்டோஸ் 10 முதல் அது தனியாகச் சேர்க்க வேண்டிய ஃபாண்ட், நிர்மலா யூஐ விண்டோஸ் 8 முதலே கூட வருகிறது. கோப்பை அனுப்புவதற்கு முன்னால் ஒரு பிரிண்ட் எடுத்து, கொம்பும் காலும் தத்தம் இடத்தில் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். திரையில் சரியாகத் தெரிவதை நம்பி பிளாட் கொடுத்துவிட வேண்டாம்.