ஸ்கோப் நார்மல், வலி மட்டும் போகவில்லை: சிடியா, கேப்ஸ்யூலா, பலூன் ஸ்கோப்பா?

சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் தொப்புளைச் சுற்றிச் சுருட்டிப் பிடிக்கிறது, மரச்சீனியும் மீன்கறியும் தின்ற அன்றைக்கு வாந்தியில்தான் முடிகிறது, ஆனால் ஃபைலில் மேல்வழி ஸ்கோப்பும் கீழ்வழி ஸ்கோப்பும் நார்மல். நார்மல்தான், பொய்யில்லை. வாய்வழி விடும் கேமராக் குழாய் முன்சிறுகுடலோடு நின்றுவிடும், ஆசனவாய்வழி விடுவது சிறுகுடலின் கடைசி நுனியை எட்டிப் பார்க்கும், நடுவே உள்ள பல மீட்டர் குடலை இரண்டுமே பார்ப்பதில்லை. அங்கே கட்டி வந்து அடைத்தாலும் இப்படி வலிக்கலாம், ஆனால் அது அபூர்வம் என்பதால் முதலில் கேஸ், அல்சர், நம்மூரில் குடல் டிபி என்று யோசிப்பதும் நியாயம்தான்.

அடுத்து என்ன டெஸ்ட்?

பலரும் கேட்பது கேப்ஸ்யூலை, அதாவது கேமரா வைத்த மாத்திரையை. விழுங்கினால் போதும், குழாய் இல்லை, வலி இல்லை. 2001 முதல் புழக்கத்தில் இருக்கிறது, காரணம் தெரியாத ரத்தக்கசிவுக்கு அருமையான கருவி. ஆனால் இப்படிச் சாப்பிட்டதும் வலியும் வாந்தியும் வந்து, குடல் அடைப்பு சந்தேகம் இருப்பவருக்கு முதல் டெஸ்டாக நான் சொல்லவே மாட்டேன். இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள அந்த மாத்திரை குடல் குறுகிய இடத்தில் சிக்கிக்கொண்டால், அதை எடுக்கவே ஆபரேஷன் தேவைப்படலாம். சதை எடுத்துச் சோதிக்கவும் அதால் முடியாது.

பலூன் ஸ்கோப்பால் முடியும். ஜப்பானிய டாக்டர் யமமோட்டோ கொண்டுவந்த முறை, பலூன் பொருத்திய நீளமான ஸ்கோப் குடலை மடித்து மடித்து உள்ளே போகும். நேரமும் மயக்கமருந்தும் வேண்டும், எல்லா ஊரிலும் கிடைக்காது.

என் ஓட்டு, கான்ட்ராஸ்ட் என்ற, படத்தைத் தெளிவாக்கும் மருந்து கொடுத்து எடுக்கும் சிடி ஸ்கேனுக்குத்தான். எக்ஸ்ரே அடைப்பைக் காட்டும், காரணத்தைப் பெரும்பாலும் சொல்லாது. அல்ட்ராசவுண்டைக் குடல் காற்று மறைத்துவிடும். சிடியிலோ குறுகிய இடம், குடலுக்குள் குடல் செருகியிருப்பது, ஈரலில் பரவியிருப்பது எல்லாம் ஒரே படத்தில் வந்துவிடும். பெரியவர்களுக்குக் குடல் செருகினால் முனையில் கட்டி இருக்கிறதா என்று தேடியே ஆக வேண்டும். கான்ட்ராஸ்ட் கொடுக்கும் முன், சிறுநீரகம் எப்படி என்று சொல்லும் கிரியேட்டினின் ரத்த டெஸ்டை மட்டும் பார்த்துவிடுங்கள்.

என்ன கட்டி என்பது பல நேரம் வெட்டி எடுத்த பிறகுதான் உறுதியாகும். ஜிஸ்ட் என்ற, குடல் சுவரில் வரும் கட்டி என்றால் இமாட்டினிப் மாத்திரை, லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்று என்றால் கீமோ, வெறும் கொழுப்புக் கட்டி என்றால் பெரும்பாலும் அத்தோடு சரி.

வயிறு உப்பி, காற்றுகூடப் பிரியாமல், பச்சையாக வாந்தி வந்தால் இந்த ஒப்பீடெல்லாம் அப்புறம். விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள், வாய்வழியாக எதுவும் வேண்டாம், நாகர்கோவில் ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜோ பக்கத்தில் சர்ஜன் இருக்கும் ஆஸ்பத்திரியோ, உடனே போங்கள். திருவனந்தபுரத்துக்கு அனுப்பினால் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, சிடி படங்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.