கோட்டைப் பிரியாணிக்கடையும் தலைவர்கள் பேச வேண்டிய பேச்சும்

சேலம் கோட்டைப் பகுதியில், திருமணிமுத்தாற்றங்கரை ஜாமியா பள்ளிவாசலிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு முஸ்லிம் குடும்பம் இரண்டு தலைமுறையாக நடத்திவரும் பிரியாணிக்கடை இருக்கிறது. சேலத்தில் நான் சாப்பிட்ட மட்டன் பிரியாணிகளில் இதற்கே முதலிடம் தருவேன். சீரகச் சம்பா அரிசியை விறகடுப்பில் தம் போடுகிறார்கள். பட்டையும் கிராம்பும் தூக்கலாக இல்லாததால் கறியின் சுவை தனியாகத் தெரிகிறது. மாங்காய்ப் பருவத்தில் தாளிச்சாவில் கத்திரிக்காயோடு மாங்காயும் சேர்கிறது, அதற்காகவே ஒருமுறை போகலாம். சிக்கன் 65 அவ்வளவு சிறப்பில்லை. நிறப்பொடியைக் குறைக்க வேண்டும். ஞாயிறு மதியம் இடம் கிடைக்க வெகுநேரம் நிற்க வேண்டியிருக்கும்.

உணவைப் பற்றி இவ்வளவு போதும். இந்தக் கடையைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. முஸ்லிம்களின் கடைகளில் இந்துக்களுக்குத் தரும் பிரியாணியில் கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்ற செய்தி, எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவிலும் வந்தது. படித்தவர்களே அதை மற்றவர்களுக்கு அனுப்பினார்கள், வாரந்தோறும் இங்கே பார்சல் வாங்கியவர்கள் சிலர் நிறுத்திக்கொண்டார்கள். கடைக்காரர் யாரோடும் வாதாடவில்லை. உள்ளே இருந்த அண்டாவை வாசலருகே, எல்லோரும் பார்க்கும் இடத்துக்கு மாற்றிவிட்டு, வருகிறவர்களிடம் "உள்ள வந்து சமையலறையப் பாருங்கம்மா, எப்ப வேணும்னாலும் பாருங்க" என்கிறார். எந்தத் தவறும் செய்யாத ஒருவர் தம் நேர்மையைத் தினமும் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டிய நிலை எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

இந்தப் பொய் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அண்டை நாடே சான்று. 2018 பிப்ரவரி இறுதியில், இலங்கையின் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில், குழம்பில் கிடந்த மாவுக்கட்டியை மலட்டு மாத்திரை என்று சொல்லிக் கூட்டம் கூடியது. கல்லாவில் இருந்த தமிழ் பேசும் இளைஞருக்குச் சிங்களம் சரியாகப் புரியவில்லை. மிரட்டலுக்கு நடுவே அவர் சொன்ன அரைகுறைப் பதிலே ஒப்புதல் வாக்குமூலமாகப் பரப்பப்பட்டது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவு என்று அரசுப் பகுப்பாய்வு பின்னர் உறுதி செய்தது. உணவில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை மருத்துவத்திலேயே இல்லை. ஆனால் அதற்குள், இந்தப் பதற்றத்தோடு ஒரு சிங்கள ஓட்டுநர் தாக்கப்பட்டு இறந்ததும் சேர்ந்து, மார்ச் முதல் வாரத்தில் கண்டிப் பகுதியில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் மூண்டு, நாடு முழுவதும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது.

அடுத்த ஆண்டு, ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு முஸ்லிம்கள்மீது வெறுப்பு உச்சத்தில் இருந்தபோது, முஸ்லிம் கடைகளில் சாப்பிடாதீர்கள் என்று மூத்த பௌத்த பிக்கு ஒருவரே பேசினார். அப்போது நிதியமைச்சராக இருந்த மங்கள சமரவீர அதை வெளிப்படையாகக் கண்டித்து, உண்மையான பௌத்தர்கள் அனைவரும் கண்டிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவர் சிங்கள பௌத்தர். அவர் கண்டித்தது தம் வாக்காளர்கள் தலைவணங்கும் பீடத்தைச் சேர்ந்தவரை. முன்முடிவுக்கு எதிரான பேச்சுக்கு இதுவே அளவுகோல் என்பது என் கருத்து. பாதிக்கப்பட்டவர்களிடம் போய் ஆறுதல் சொல்வதைவிட, வெறுப்பைப் பரப்பும் தம் மக்களைப் பார்த்து அது தவறு என்று சொல்வதே கடினம், பயனுள்ளதும் அதுதான்.

நம் நாட்டிலும் அப்படிப்பட்ட குரல்கள் எழுந்திருக்கின்றன. 2024 ஜூலையில், உத்தரப்பிரதேசத்தில் சிவபக்தர்கள் கங்கை நீர் எடுத்துவரும் கன்வார் யாத்திரை செல்லும் வழியிலுள்ள உணவுக்கடைகள், மதத்தைக் காட்டிவிடும் உரிமையாளர் பெயரை எழுதி வைக்க வேண்டும் என்ற உத்தரவு வந்தபோது, பாஜக கூட்டணியிலேயே இருந்த ஒன்றிய அமைச்சர் ஜெயந்த் சவுத்ரி அதைத் திரும்பப் பெறச் சொன்னார். எதிர்க்கட்சியைச் சேர்ந்த மஹுவா மொய்த்ரா வழக்குத் தொடுத்தார். ஜூலை 22-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்து, என்ன வகை உணவு என்று எழுதச் சொல்லலாம், உரிமையாளர், பணியாளர் பெயரை எழுதக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. இதற்கெல்லாம் வெகு முன்னதாக, 1948 ஜனவரியில் டெல்லியில் காந்தி மேற்கொண்ட கடைசி உண்ணாவிரதத்தை முடிக்க அவர் கேட்ட உறுதிமொழிகளில், முஸ்லிம்களைப் பொருளாதாரப் புறக்கணிப்புச் செய்யக் கூடாது என்பதும் ஒன்று. ஒரு சிறு வியாபாரியின் கல்லாப்பெட்டியைக்கூட அவர் உயிரைப் பணயம் வைக்கத்தக்க விஷயமாகக் கருதியிருக்கிறார்.

சேலத்தில் நோன்புக் காலத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் பள்ளிவாசலுக்கு வந்து கஞ்சி குடிக்கிறார்கள், தொப்பி அணிந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதை நான் குறைசொல்லவில்லை. அந்த வருகைக்கும் மதிப்பு உண்டு. ஆனால் மாத்திரைக் கதை பரவியபோது, எங்கள் பகுதிக் கூட்டம் எதிலும் அதைப் பொய் என்று ஒருவர் எழுந்து சொல்லி நான் கேட்கவில்லை. மாநகராட்சியின் 60 வார்டு உறுப்பினர்களும் தத்தம் தெருவில், குறிப்பாக முஸ்லிம்கள் வசிக்காத தெருக்களில், இரண்டு நிமிடம் பேசியிருந்தால் கடைக்காரர் அண்டாவை இடம் மாற்ற வேண்டியிருந்திருக்காது. அவர்கள் இந்தக் கடைக்கு வந்து எல்லோர் நடுவிலும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், பிறகு தம் ஆதரவாளர்களிடம் போய் அதைச் சொல்லவும் வேண்டும்.

போக விரும்புகிறவர்களுக்கு: மட்டன் பிரியாணி 220 ரூபாய், குஸ்கா 90 ரூபாய், அரைத் தட்டும் தருகிறார்கள். பன்னிரண்டு மணிக்கு அண்டா திறக்கிறது, மூன்று மணிக்குள் தீர்ந்துவிடும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து இரண்டு மணிக்குப் பிறகே பரிமாறுகிறார்கள். குடும்பத்தோடு உட்கார மாடியில் தனி இடம் உண்டு.