மெட்டடார் கேம்பர் வேன்: பெயின்ட்டுக்கு முன் செய்த வேலை, நான்கு மழைக்காலத்துக்குப் பிறகு

2022 மாசியில் பெயின்ட் அடித்த வண்டி இது, உள்ளேயே தூங்கிச் சமைக்கும்படி மாற்றிய கேம்பர் வேன். நான்கு மழைக்காலம் பார்த்துவிட்டது. கூரையும் முன்பக்கமும் இரண்டு பக்கத்து பெரிய பேனல்களும் இன்றும் சுத்தமாக இருக்கின்றன. பின்கதவின் அடிமடிப்பில் துரு எட்டிப்பார்க்கிறது. இடது பின்மூலையில் கொப்புளம் வந்திருக்கிறது, அதற்குக் காரணம் வேறு, அப்புறம் சொல்கிறேன். திருவொற்றியூரில், கடற்காற்று நேராக அடிக்கும் தெருவில், ஷெட் இல்லாமல் நிற்கிற பழைய வண்டிக்கு இது நல்ல பலன். பார்ப்பவர்கள் எந்த கம்பெனி பெயின்ட் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கம்பெனியை விட, அந்த பெயின்ட்டுக்கு அடியில் உப்பும் சிலிகானும் ஈரமும் இல்லாமல் பார்த்துக்கொண்டதுதான் இத்தனை காலம் தாங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம். அதனால் இங்கே பெயின்ட் பற்றிக் குறைவாகவும் அதற்கு முந்தைய வேலை பற்றி அதிகமாகவும் எழுதுகிறேன்.

வண்டி தொண்ணூறுகளில் வந்த பஜாஜ் டெம்போ மெட்டடார். முன்சக்கரம் இழுக்கிற வண்டி என்பதால் பின்னால் தரை தாழ்வாக இருக்கும். படுக்கை, சின்ன அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து ஏற்காடு, கொல்லிமலை என்று குடும்பத்தோடு போய்வரத் தோதான வண்டி. அந்த கம்பெனி 2005-இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஆகிவிட்டது, மெட்டடார் வருவது அதற்கு முன்பே நின்றுவிட்டது. புதுப்பேட்டையில் அலைந்தால் கதவு, கண்ணாடி ரப்பர் என்று ஏதாவது கிடைக்கும். பக்கத்துத் தகடு புதிதாகக் கிடைக்காது. இருக்கிற தகட்டைக் காப்பாற்றித்தான் ஆக வேண்டும்.

வேலையை உள்ளிருந்து தொடங்கினோம். சாதாரண வேனுக்கும் கேம்பர் வேனுக்கும் பெரிய வித்தியாசமே இதில்தான். உள்ளே பிளைவுட், அதன் பின்னால் தெர்மகோல் அல்லது கிளாஸ் வுல், அதற்கும் பின்னால் தகடு. மலையில் இரவு தூங்கும்போது மூச்சுக்காற்றின் ஈரமும் சமையல் ஆவியும் குளிர்ந்த தகட்டில் பட்டு நீராகும். அது கீழே வடிய வழியில்லாமல் கிளாஸ் வுல்லில் ஊறி அப்படியே நிற்கும். பிளைவுட்டைக் கழற்றியபோது, வெளியே ஜன்னலுக்குக் கீழே மிளகு அளவுக்குத் தெரிந்த புள்ளிக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குத் துரு இருந்தது. வெளியே மட்டும் தேய்த்து பெயின்ட் அடித்திருந்தால் உள்ளிருந்து அரித்துக்கொண்டு வந்திருக்கும். வெல்டிங் செய்யும் யோசனை இருந்தால் உள்ளே இருக்கிற தெர்மகோலை எப்படியும் எடுத்துத்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் பற்றிக்கொள்ளும். பேட்டரி ஒயரையும் கழற்றிவிடுங்கள்.

அடுத்தது சிலிகான். கூரை வென்ட், பக்கத்து ஜன்னல், வெளித்திரை மாட்டும் பிராக்கெட் என்று கேம்பர் வேனில் ஓட்டைகள் அதிகம். ஒழுகும்போதெல்லாம் யாராவது ஒரு டியூப் சிலிகானை வாங்கிப் பிதுக்கியிருப்பார்கள். சிலிகான் பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாது, விலகி வட்டவட்டமாகக் குழி விழும். தின்னர் போட்டுத் துடைத்தால் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள், போகாது. முதலில் பிளாஸ்டிக் பிளேடால் முழுக்க உரித்தெடுக்க வேண்டும். அப்புறம் சிலிகான் ரிமூவர் போட்டு, ஒவ்வொரு முறையும் புதுத் துணியால் துடைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் உப்புத்தாளைக் கையில் எடுக்கலாம். வரிசை மாறினால் தேய்க்கிற தாளே அதைப் பேனல் முழுக்கப் பரப்பிவிடும். லாரிக்காரர்கள் மினுமினுப்புக்காக மண்ணெண்ணெயும் டீசலும் போட்டுத் துடைப்பார்கள். அந்தப் பிசுக்குக்கும் இதே வைத்தியம்தான்.

துருப்பிடித்த இடங்களை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தோம். உள்ளே இறங்கிய இடத்தையெல்லாம் நல்ல தகடு வரும்வரை வெட்டியெடுத்து, 20 கேஜ் சி.ஆர். ஷீட்டில் (துத்தநாகப் பூச்சு இல்லாத சாதா இரும்புத் தகடு) ஒட்டுப் போட்டோம். சி.ஓ.டூ. வெல்டிங், அதுவும் இங்கே ஒரு புள்ளி, தள்ளி ஒரு புள்ளி என்று ஆறவிட்டு ஆறவிட்டு. கேஸ் வெல்டிங்கில் இவ்வளவு பெரிய தட்டையான பேனல் நெளிந்துவிடும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் போட்டால் துருவே பிடிக்காது என்று சிலர் சொல்வார்கள். வெல்டிங் சூட்டில் அதன் துத்தநாகம் எரிந்து புகையாகும், அந்தப் புகை மூச்சுக்கு ஆகாது, எரிந்த இடத்தில் பாதுகாப்பும் இருக்காது. காசிமேட்டில் ஃபைபர் படகு வேலை அருமையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள், ஓட்டைமேல் ஃபைபர் மேட் ஒட்டி மூடிவிடலாம் என்ற யோசனையும் வந்தது. ஃபைபர் படகுக்கு அது சரி. துருப்பிடித்த தகட்டின்மேல் ஒட்டினால் இடையில் ஈரம் சிக்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாமலே துரு பரவும். அதனால் வேண்டாம் என்று விட்டோம்.

இனி உப்பு. வடசென்னையில் வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் எண்ணூர், மணலி ஆலைகளின் புகையும் சாம்பலும். காற்றில் வருகிற உப்பு துருக்குழிகளின் அடியில் போய் உட்கார்ந்துவிடும். மேலே பளபளவென்று தேய்த்தாலும் குழிக்குள் இருப்பது அங்கேயேதான் இருக்கும். அதன்மேல் பெயின்ட் அடித்தால் அந்த உப்பு பெயின்ட் வழியாகவே ஈரத்தை உள்ளே இழுக்கும். நீர்க்கொப்புளம் வருவது இப்படித்தான். இதைப் போக்க நல்ல தண்ணீரில் கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் எங்கள் பக்கம் போர் தண்ணீரே உப்புத் தண்ணீர். கடல்நீர் நிலத்தடிக்குள் ஏறிய பகுதி இது. அந்தத் தண்ணீரில் கழுவினால் இருக்கிற உப்பு போதாதென்று இன்னும் கொஞ்சம் சேரும். முதல் கழுவலுக்கு மெட்ரோ வாட்டர், கடைசித் துடைப்புக்கு வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் என்று வைத்துக்கொண்டோம். 2010-இல் மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் வந்த பிறகு வடசென்னைக்குக் குழாயில் வருகிற தண்ணீர் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும்.

கழுவியது போதுமா என்று பார்க்க ஆர்.ஓ. மெஷினுக்காக வாங்கிய, தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரையே பயன்படுத்தினேன். ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணீரை அளந்துகொள்ள வேண்டும். அதில் புதுப் பஞ்சை நனைத்து, கழுவிய தகட்டில் ஒரு கை அகலத்துக்கு நன்றாகத் துடைத்து, அதே டம்ளரில் பிழிந்து மறுபடி அளக்க வேண்டும். எண் நன்றாக ஏறியிருந்தால் உப்பு இன்னும் இருக்கிறது, திரும்பக் கழுவ வேண்டும். ஏறாமல் நின்றால் போதும். கப்பலுக்கும் எண்ணெய்த் தொட்டிக்கும் பெயின்ட் அடிக்கிற இடங்களில் உப்பை அளக்கத் தனிச் சோதனையே இருக்கிறது. இது அவ்வளவு துல்லியமில்லை. ஆனாலும் சக்கர வளைவுக்கு மேலே மீட்டர் திரும்பத் திரும்ப ஏறியதைப் பார்த்தபோது, கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிகிற தகடும் சுத்தமில்லை என்று புரிந்தது.

கழுவிய வெறுந்தகட்டில் சில மணி நேரத்திலேயே மஞ்சளாகத் துரு படரும். அதனால் ஒரு நாளைக்கு எவ்வளவு பிரைமர் அடிக்க முடியுமோ அவ்வளவு இடத்தை மட்டுமே பிரித்தோம். காலையில் பனி ஈரம் காய்ந்ததும் கழுவல், உடனே கம்ப்ரசர் காற்று, மடிப்புகளில் ஹாட் ஏர் கன், 120 நம்பர் உப்புத்தாளால் உலர்ந்த தேய்ப்பு, ரிமூவரால் துடைப்பு, பிரைமர். இவ்வளவும் கடற்காற்று ஏறுவதற்குள் முடிந்தாக வேண்டும். எங்கள் பெயின்டர் அண்ணன் முன்பு காசிமேட்டில் இரும்புப் படகுகளுக்கு பெயின்ட் அடித்தவர். அவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "மத்தியானத்துக்குள்ள பிரைமர் ஏறலன்னா நாளிக்கு மறுபடி மொதல்லேர்ந்து தேய்க்கணும் தம்பி, பேசிக்கினு நிக்காத" என்பார். தகட்டின் சூடு பனிநிலையை விட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பெயின்ட் துறையில் உள்ள விதி. அவர் புறங்கையைத் தகட்டில் வைத்துப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் போகட்டும் என்பார். கம்ப்ரசர் டேங்கில் சேரும் தண்ணீரை தினமும் திறந்துவிட்டதும் அவர்தான்.

குழிகளில் மிச்சமிருந்த துருவுக்கு டானிக் அமிலம் உள்ள துரு மாற்றியைத் தொட்டு வைத்தோம், கருநீலமாக மாறும். அதைக் குழிக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. பேனல் முழுக்கப் பூசி மிச்சத்தை எடுக்காமல் விட்டால் மேலே வரும் எபாக்ஸி பிரைமர் சரியாகப் பிடிக்காது.

பிரைமர் இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி. ரெட் ஆக்சைடு மலிவு, கிரில் கேட்டுக்கு அது போதும். தகட்டை ஈரத்திலிருந்து மறைப்பதில் எபாக்ஸியின் பக்கத்தில் வராது. டப்பாவில் எழுதியிருக்கிற நேரத்துக்குள் அடுத்த கோட் ஏற வேண்டும், தாண்டினால் லேசாகத் தேய்த்துவிட்டு அடிக்க வேண்டும். வெயிலைத் தாங்காது என்பதால் பல வாரம் திறந்து வைக்கவும் கூடாது. பள்ளம் மேடு சமன் செய்யும் பட்டியை எபாக்ஸிக்கு மேலேதான் போட்டோம், வெறுந்தகட்டில் போடவில்லை. ஹார்டனர் கலக்கும் பட்டி தண்ணீரைக் குடிக்கும். எனவே பட்டியைத் தண்ணீர் போட்டுத் தேய்க்கவே கூடாது. 80 நம்பர் தாள், பிறகு 180, பிறகு 320, எல்லாம் உலர்வாகத்தான். மேலே சர்ஃபேசர் (பெயின்ட்டுக்கு முந்தைய நிரப்புப் பூச்சு) ஏறி நன்றாகக் காய்ந்த பிறகு 600 நம்பர் வாட்டர் பேப்பர். பட்டறைகளில் இதைக் கேட்டால் தூசி பறக்கும், நேரமாகும் என்பார்கள். பறக்கத்தான் செய்யும், நல்ல மாஸ்க் போட்டுக்கொள்ள வேண்டும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். மேலே வரும் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட் அடிக்கும்போது துணி மாஸ்க் போதாது, அதில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும்.

நிறத்தைப் பழைய வெள்ளையாகவே வைத்துக்கொண்டேன். மாற்றினால் ஆர்.டி.ஓ.வில் சொல்லி ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

உண்மையான சோதனை 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வந்தது. தெருவில் தண்ணீர் நின்றது, படிக்கட்டு வரைக்கும் வண்டி முங்கியது. வடிந்ததும் வண்டியின் அடியில் உள்ள அடிப்பெட்டிகளின் (உள்ளே வெற்றிடமான தகட்டுப் பகுதிகள்) வடிகால் ஓட்டைகளில் கம்பி விட்டு, நல்ல தண்ணீர் பாய்ச்சி, காயவைத்து, முதலில் அடித்தது போலவே மறுபடி உள்ளே துருவைத் தடுக்கும் மெழுகு ஸ்ப்ரே அடித்தேன். அடிப்பக்கக் கறுப்புக் கோட்டிங் அடிக்கும்போது இந்த ஓட்டைகளை அடைத்துவிடுவார்கள், அதை நின்று பார்த்துத் தடுக்க வேண்டும். எங்கள் வண்டியில் அவை திறந்திருந்ததால்தான் தண்ணீர் உள்ளே தங்கவில்லை. இன்று வரை அந்தப் பெட்டிகளில் துரு இல்லை.

இடது பின்மூலைக்கு வருகிறேன். புயலுக்குச் சில மாதம் முன்பு எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி உரசிவிட்டது. பெயின்டர் அண்ணன் ஊரில் இல்லாததால் ஒரு பட்டறையில் விட்டேன். நான் கேட்டுக்கொண்டதையும் மீறி, போர் தண்ணீர் ஊற்றிப் பட்டியைத் தேய்த்து, அன்று மாலையே மூடிவிட்டார்கள். கொடுக்கும்போது பார்க்க மற்ற இடங்களை விட மினுமினுப்பாக இருந்தது. அடுத்த கோடைக்குள் கொப்புளம் கிளம்பியது. ஒன்றைக் கீறியதும் கலங்கிய நீர் வந்தது, கீழே தகடு கருப்பாக இருந்தது. ஒரே வண்டி, ஒரே காற்று, மேலே அடித்ததும் அதே பி.யூ. வெள்ளை. அந்தப் பட்டறை வேலையின் விளிம்போடு கொப்புளம் சரியாக நின்றுவிடுகிறது, அதைத் தாண்டி எங்கள் எபாக்ஸி தொடங்கும் இடத்தில் ஒன்றுகூட இல்லை.

பின்கதவின் அடிமடிப்பு மட்டும் எங்கள் முறைக்கும் அடங்கவில்லை. இரண்டு தகடு மடித்து அழுத்திய இடம் அது. தண்ணீரும் சரியாகப் போகாது, பிரைமரும் போகாது. மெழுகு கொஞ்ச காலம் தடுத்தது. இந்தக் கோடையில் அந்த மடிப்பையே வெட்டியெடுத்து, புது விளிம்பு மடித்து வெல்டிங் வைக்கப்போகிறோம். மடிப்பதற்கு முன்பே இரண்டு பக்கமும் எபாக்ஸி ஏற்றி, மேலே பி.யூ. சீலன்ட் ஓட்டலாம் என்று பெயின்டர் அண்ணன் சொல்லியிருக்கிறார். வெல்டிங் பிடிக்கும் இடத்தை மட்டும் வெறுமையாக விட வேண்டும். இடது மூலையையும் அதே வேலையோடு தகடு வரைக்கும் பிரித்துவிடச் சொல்லியிருக்கிறேன்.