நட்சத்திரப் பலகையா, எண் பலகையா?

நெதர்லாந்தில் ஆர்னெமிலிருந்து ஹூக் ஃபன் ஹாலந்து கடற்கரைக்கு சைக்கிளில் போக இரண்டு முறை உண்டு. ஒன்று யூரோவெலோ 15, ஐரோப்பாவின் நெடுந்தூர சைக்கிள் பாதைகளில் ஒன்று. சுவிட்சர்லாந்தில் ரைன் பிறக்கும் மலையிலிருந்து வட கடல்வரை ஆற்றை ஒட்டியே வரும் நெடும்பாதை. நீலப் பலகையில் மஞ்சள் நட்சத்திர வளையம், நடுவில் 15. இன்னொன்று, டச்சுக்காரர்கள் 'முடிச்சுப் புள்ளி' என்று சொல்லும் எண்கள். பாதைகள் சந்திக்கும் இடத்துக்கெல்லாம் ஓர் எண், அங்கிருந்து அடுத்த எண்ணுக்கு அம்புக்குறி. எந்த எண்களைக் கோத்துக்கொண்டு போவது என்பது நம் இஷ்டம்.

நண்பரும் நானும் போன மே மாதம் மூன்று நாள் போனோம். முதல் நாள் நட்சத்திரம், மற்ற இரண்டு நாளும் எண்கள். இனி எனக்கு எண்கள்தான்.

தார், காற்று, காப்பிக்கடை எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். பல இடங்களில் ஒரே கம்பத்தில்தான் இரண்டு பலகையும் தொங்குகின்றன. "ரைன் பாதையில் போனேன்" என்று சொல்லிக்கொள்வதில் ஒரு கெத்து இருக்கிறது, அதை மறுக்கவில்லை.

ஆனால் ஒரு பலகை காணாமல் போனால் என்ன ஆகிறது? முதல் நாள் மதியம் கரையில் வேலை நடந்தது. மஞ்சள் மாற்றுவழிப் பலகைகள் ஒரு ரவுண்டானாவரை கூட்டிப்போய் அங்கேயே விட்டுவிட்டன. நான்கு வழி, ஒன்றிலும் நட்சத்திரம் இல்லை. உத்தேசமாக ஒன்றில் நுழைந்து, 6 கிலோமீட்டர் போய், எதிர்காற்றில் திரும்பினோம். மறுநாளும் ஒரு பலகை தவறியது; வேலிச்செடி வளர்ந்து அம்பை மூடியிருந்தது. பத்து நிமிடத்தில் தப்பான எண்ணில் போய் நின்றோம். சரி, அங்கே ஒரு வரைபடப் பலகை இருந்தது. எழுதிவைத்திருந்த எண் பட்டியலில் இன்னும் இரண்டு எண்ணைச் சேர்த்துக்கொண்டு அப்படியே முன்னால் போய்விட்டோம்.

பராமரிப்பவருக்கும் இதே கதைதான். புதுக் குடியிருப்பு வந்து ஒரு தெரு அடைபட்டால், அந்த முடிச்சைச் சுற்றியுள்ள பலகைகளை மாற்றினால் போதும். நெடும்பாதைக்கு நடுவில் ஒரு கண்ணி அறுந்தாலும் பயணம் நின்றுவிடும். இந்த எண் ஏற்பாடு 1995-இல் பெல்ஜியத்தின் லிம்பர்க் பகுதியில் தொடங்கியது. யோசனை ஹியூகோ பொலன் என்ற சுரங்கப் பொறியாளருடையது. நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வழி தெரிய சந்திப்புகளுக்கு எண் போடுவதைப் பார்த்தவர்.

நெடும்பாதைகளைப் பராமரிப்பது சுலபமில்லை. பிரிட்டனில் 2018-இல் தேசிய சைக்கிள் பாதைகளை முழுக்க ஆய்வு செய்தபோது 42 சதவீதம் 'மோசம்' என்று வந்தது. 2020-இல் ஏறக்குறைய கால்வாசியை வலையமைப்பிலிருந்து எடுத்தோ தரம் மாற்றியோ விட்டார்கள். நெதர்லாந்திலும் எல்.எஃப். என்ற பழைய நெடும்பாதைகளில் சிலவற்றை ஒன்றாக இணைத்தார்கள், எல்.எஃப். 1, 10 இரண்டும் இப்போது ஒரே கடற்கரைப் பாதை. வேறு சிலவற்றின் பலகைகளைக் கழற்றிவிட்டார்கள். பலகை போனாலும் எண்களைக் கோத்து அதே வழியில் போகலாம்.

நான் ஓட்டியதெல்லாம் சமதளத்தில்தான். ஒரு பள்ளத்தாக்கில் ஒரே சாலை இருக்கும் ஆல்ப்ஸ் பக்கம் எண்களுக்கு என்ன வேலை என்று தெரியவில்லை. அங்கே நட்சத்திரமே போதும் போலிருக்கிறது. அப்புறம், எண்கள் இரண்டு இலக்கம்தான் என்பதால் கொஞ்ச தூரம் தள்ளி அதே எண் மறுபடி வரும்.

மூன்றாம் நாள் மழை. சைக்கிள் பாரில் பிளாஸ்திரி ஒட்டி பேனாவால் எழுதியிருந்த 38 கரைந்து 33 ஆகிவிட்டது. அதிலும் ஒரு மணி நேரம் சுற்றினோம். இப்போது பென்சிலில் எழுதுகிறேன்.