பறந்து களைக்கும் அணிகள்: சூப்பர் ரக்பியின் இரண்டு அட்டவணைகளும் யுஆர்சியும்

தென்னாப்பிரிக்க ரக்பி கிளப்புகள் எந்தத் தொடரில் ஆடினாலும் ஒரு தகராறு கூடவே வந்துவிடும். யார் அதிகம் பறக்கிறார்கள்? பறந்து இறங்கியவர்களுக்கு ஓய்வு எத்தனை நாள்? 1996-லிருந்து இதற்கு மூன்று விதமான அட்டவணைகளைப் போட்டுப் பார்த்துவிட்டார்கள்: நியூசிலாந்து, ஆஸ்திரேலிய அணிகளோடு ஆடிய சூப்பர் ரக்பி தொடரில் இரண்டு, ஐரோப்பிய அணிகளோடு ஆடும் யுஆர்சியில் (யுனைடெட் ரக்பி சாம்பியன்ஷிப்) ஒன்று. பயணத் தூரத்தை எல்லோருக்கும் சமமாகப் பங்கிடவே முடியாது என்பது என் எண்ணம். எல்லோரும் எல்லோருடனும் மோதுகிறார்களா, நாக் அவுட்டுக்கு முன் உடம்பு தேற அவகாசம் உண்டா என்ற இரண்டை வைத்துத்தான் அட்டவணையை எடைபோட வேண்டும்.

முதலில் சூப்பர் 12, அதாவது 12 அணிகளோடு நடந்த சூப்பர் ரக்பி. நியூசிலாந்திலிருந்து 5 அணிகள், தென்னாப்பிரிக்காவிலிருந்து 4, ஆஸ்திரேலியாவிலிருந்து 3. ஒவ்வொரு அணியும் மற்ற 11 அணிகளோடும் ஒரு முறை ஆடும். முதல் நான்கு இடங்கள் அரையிறுதிக்கு. யாரும் யாரையும் தவிர்க்க முடியாது. ஆனால் தென்னாப்பிரிக்க அணிக்கு வெளிநாட்டு எதிரணிகள் 8. அதில் பாதி, அதாவது 4 ஆட்டங்கள், கடல் தாண்டித்தான். அதனால் நான்கைந்து வாரம் வீட்டைவிட்டுத் தொடர்ந்து வெளியே இருக்க வேண்டும். நியூசிலாந்து அணியோ தென்னாப்பிரிக்காவில் 2 ஆட்டம் ஆடிவிட்டு ஊர் திரும்பிவிடும். போதாததற்கு ஜோகன்னஸ்பர்க்குக்கும் வெலிங்டனுக்கும் கோடையில் 11 மணி நேர வித்தியாசம். பகல் இரவாகிவிடும். இருந்தாலும் இந்த அட்டவணையில் ஒளிவுமறைவு கிடையாது. சுமை எவ்வளவு என்பது தொடர் தொடங்கும் முன்பே எல்லோருக்கும் தெரியும்.

2011-ல் வந்த கான்ஃபரன்ஸ் முறையை என்னால் ஏற்கவே முடியவில்லை. அணிகள் 15 ஆகிவிட்டன, எல்லோரும் எல்லோருடனும் ஆட நேரமில்லை. அதனால் நாட்டுக்கு ஒரு பிரிவு, பிரிவுக்குள் இரண்டு முறை மோதல், வெளியே சில அணிகளோடு மட்டும் ஆட்டம் என்று வைத்தார்கள். உள்ளூர் மோதல்கள் கூடின, பயணம் குறைந்தது. அதுவரைக்கும் சரி. ஆனால் பிரிவில் முதலிடம் பிடித்தால் மேல் வரிசையில் இடம் உறுதி என்ற விதியும் கூடவே வந்தது. 2012-ல் ஆஸ்திரேலியப் பிரிவில் முதலிடம் பிடித்த ரெட்ஸ், டர்பனின் ஷார்க்ஸைவிடக் குறைந்த புள்ளிகள்தான் எடுத்திருந்தது. ஆனாலும் நாக் அவுட் ஆட்டம் ரெட்ஸின் ஊரில். ஷார்க்ஸ் பிரிஸ்பேனுக்குப் பறந்து வென்றது. அடுத்த வாரம் தென்னாப்பிரிக்கா திரும்பி, கேப் டவுனில் அந்த ஊர் ஸ்டார்மர்ஸை வென்றது. அதற்கடுத்த வாரம் நியூசிலாந்தின் ஹாமில்டனில் இறுதிப்போட்டி. அந்த ஊர் சீஃப்ஸிடம் 37-6 என்று வாங்கிக்கட்டியது. இந்தியப் பெருங்கடலை இப்படி மூன்று முறை கடந்த உடம்பிடம் வேறென்ன எதிர்பார்ப்பது!

2016-ல் அணிகள் 18 ஆனபோது நிலைமை இன்னும் மோசம். அர்ஜென்டினாவின் ஹாகுவாரெஸும் ஜப்பானின் சன்வுல்வ்ஸும் தென்னாப்பிரிக்காவின் இரண்டு பிரிவுகளுக்குள் சேர்க்கப்பட்டன. டோக்கியோவின் சன்வுல்வ்ஸுக்கு எது பக்கம், எது தூரம் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஒரு தென்னாப்பிரிக்கப் பிரிவு நியூசிலாந்து அணிகளோடு ஆடினால் மற்றது ஆஸ்திரேலிய அணிகளோடு மட்டும் ஆடும். அந்த ஆண்டு லீக் சுற்றில் ஒரு நியூசிலாந்து அணியைக்கூடச் சந்திக்காத ஸ்டார்மர்ஸ், சொந்த மண்ணில் கால் இறுதி ஆடும் உரிமையைப் பெற்றது. வந்த சீஃப்ஸ் 60-21 என்று அடித்துவிட்டுப் போனது. 2017-ல் அதே சலுகை ஜோகன்னஸ்பர்க்கின் லயன்ஸுக்கு. லயன்ஸும் நியூசிலாந்தின் க்ரூசேடர்ஸும் ஆளுக்கு 14 வெற்றி, 1 தோல்வி. லயன்ஸுக்கு இரண்டே புள்ளிகள் அதிகம் என்பதால் இறுதிப்போட்டி ஜோகன்னஸ்பர்க்கில். கடுமையான நியூசிலாந்துப் பிரிவில் ஆடிவந்த அணிதான் கடல் தாண்டிப் பறந்தது. 25-17 என்று க்ரூசேடர்ஸ் வென்றது. இந்தியப் பெருங்கடலைத் தாண்டிப் போய் இறுதிப்போட்டியை வென்ற முதல் அணி அதுதான். அதே ஆண்டில் 34 புள்ளி எடுத்த ஆஸ்திரேலியாவின் ப்ரம்பீஸின் ஊருக்கு 58 புள்ளி எடுத்த நியூசிலாந்தின் ஹரிகேன்ஸ் பயணம் செய்ய வேண்டியிருந்தது. வெளியூர் அணிகளே வென்றன, அதனால் பாதகமில்லை என்று சிலர் சொல்வார்கள். முடிவு எப்படி வந்தாலும், லீக் சுற்றில் உழைத்துச் சம்பாதித்த உரிமையைப் பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுத்தது தவறுதான்.

அப்புறம் யுஆர்சி. 2021 முதல் நான்கு தென்னாப்பிரிக்க அணிகள் அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, இத்தாலி அணிகளோடு ஆடுகின்றன. மொத்தம் 16 அணிகள், ஆளுக்கு 18 ஆட்டங்கள். தன் பிரிவின் மூன்று அணிகளோடு இரண்டு முறை, மற்ற 12 அணிகளோடு ஒரு முறை. யாரும் யாரையும் தவிர்க்க முடியாது என்ற பழைய நல்ல குணம் திரும்பி வந்துவிட்டது. சுமை சமமா? இல்லை. தென்னாப்பிரிக்க அணிக்கு வடக்கே 6 ஆட்டங்கள், ஐரோப்பிய அணிக்குத் தெற்கே 2 மட்டுமே. கணக்குப் பார்த்தால் சூப்பர் 12-ல் 11-க்கு 4, இங்கே 18-க்கு 6. விகிதம் ஏறத்தாழ அதேதான். மாறியது திசை. வடக்கு தெற்காகப் பறந்தால் டப்ளினுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் இடையே ஒரு மணி, இரண்டு மணிதான் வித்தியாசம். களைப்பு இருக்கும், ஆனால் தூக்கம் தலைகீழாகாது. ரசிகர்களுக்கும் லாபம்: காலைச் சாப்பாட்டு நேரத்தில் டிவி போட்டு நியூசிலாந்து ஆட்டத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

2023-ல் அயர்லாந்தின் மன்ஸ்டர் கேப் டவுனிலும், 2024-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ கடல் மட்டத்திலிருந்து மிக உயரத்தில் இருக்கும் பிரிட்டோரியாவிலும் இறுதிப்போட்டியை வென்றன. வடக்கு தெற்குப் பயணம் உடம்பை அவ்வளவு முடக்குவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

யுஆர்சியிலும் எனக்குக் குறைகள் உண்டு. தெற்கே தேசிய அணி ஆடும் மாதங்கள் வேறு, இந்தத் தொடரின் மாதங்கள் வேறு என்பதால் தென்னாப்பிரிக்க வீரர்களுக்கு ஆண்டு முழுக்க ஆட்டம். அதைவிடப் பெரிய குறை யுஆர்சிக்கு வெளியே, ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் கோப்பையில். அங்கே கடைசி 16 சுற்றும் கால் இறுதியும் அடுத்தடுத்த வார இறுதிகளில். 2023-ல் ஸ்டார்மர்ஸும் ஷார்க்ஸும் சொந்த ஊரில் வென்று, ஏழே நாளில் இங்கிலாந்தின் எக்ஸிடரிலும் பிரான்சின் டூலூஸிலும் பெரிய வித்தியாசத்தில் தோற்றன. 2024-ல் பிரிட்டோரியாவின் புல்ஸ் முக்கிய வீரர்கள் பலரை வீட்டிலேயே விட்டுவிட்டு நார்தாம்ப்டனுக்குப் போய் 59-22 என்று தோற்றது. பயிற்சியாளரைத் திட்டியவர்கள் அதிகம். நான் அட்டவணையைத்தான் குறை சொல்வேன். யாரோடு, எங்கே ஆட்டம் என்று வார இறுதியில்தான் தெரிகிறது. அதன்பிறகு நாற்பது பேருக்கு டிக்கெட் எடுப்பது எப்போது, பயிற்சி செய்வது எப்போது?

மன்ஸ்டர் கேப் டவுனில் வென்ற ஆண்டில் அரையிறுதிக்கும் இறுதிக்கும் நடுவே இரண்டு வாரம் இருந்தது. அதையே விதியாக்கலாம்: நிலநடுக்கோட்டைத் தாண்டிப் போக வேண்டிய நாக் அவுட் ஆட்டத்துக்கு முன் 14 நாள். அதற்காக லீக் சுற்றில் ஒரு வாரத்தைத் தியாகம் செய்ய வேண்டியிருந்தாலும் செய்யட்டும்.